பாறைமேல் பதினொரு கல்

நாவலூத்து முகாம்
பிப்ரவரி 13

இந்துவுக்கு,

சோலைராஜ் எழுதுவது. நான் நலம். நீயும் அத்தை, மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

போனில் பேசாமல் இது என்ன கடிதம் என்று தோன்றும். இந்த முகாமில் சிக்னல் கிடையாது, வயர்லெஸ் மட்டும்தான். கீழே இறங்கும் நாட்களில் கூப்பிட்டால் மணி அடிக்காமலே அணைந்துபோகிறது. என்னோடு இருக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர் ஆண்டிச்சாமி வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா ஒங்கள பிளாக் பண்ணிட்டாக அண்ணே" என்றான். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னான். அதனால் இந்தக் கடிதத்தைச் சனிக்கிழமை அரிசி, பருப்பு கொண்டுவரும் ஜீப்பில் கொடுத்தனுப்புகிறேன். பதில் போடுவதானால் செண்பகத்தோப்பு செக்போஸ்ட் முகவரிக்குப் போடு.

விஷயம் நம் ஸ்ரீவில்லிபுத்தூர் வீடு. போன மாதம் போயிருந்தபோது வீட்டுக்காரர் பிச்சையம்மாள் அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். "ஏப்பா, நீ மலையில கெடக்க. அவ ராசபாளையத்துல கெடக்கா. பூட்டுன வீட்டுல கரையான்தான் குடித்தனம் பண்ணுது. இருக்கப் போறியளா, போகப் போறியளான்னு ஏப்ரல் கடைசிக்குள்ள ஒரு வார்த்த சொல்லிருங்க" என்றார்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

காலி செய்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ வந்து இருப்பதாகத் தெரியவில்லை. பீரோ, தையல் மெஷின், இட்லிக் கொப்பரை எல்லாவற்றையும் ஒரு வண்டியில் ஏற்றி உங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். உன் மலையேறும் ஷூ ஒன்றை எலி கொஞ்சம் கடித்திருக்கிறது. அதையும் அனுப்பட்டுமா என்று எழுது.

பழையதைக் கிளற நான் எழுதவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. அன்றைக்கு நாற்பது பேர் முன்னால் சொன்னதை நீ வீட்டில் வைத்து என்னிடம் சொல்லியிருக்கலாம்.

சோலைராஜ்


ராஜபாளையம்
பிப்ரவரி 21

வனக்காவலர் திரு. சோலைராஜ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பத்து மாதம் கழித்து வந்த முதல் கடிதத்தில் பீரோவுக்கும் இட்லிக் கொப்பரைக்கும் முதலிடம் கொடுத்ததற்கு நன்றி. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அரை மணி நேரப் பஸ். அதில் ஏறிவந்து நேரில் கேட்க உங்களுக்குக் கால் வரவில்லை.

நான் சொல்லும்வரை வீட்டைக் காலி செய்யக் கூடாது. சாமான் என்னுடையது, முடிவையும் நானே சொல்கிறேன். ஷூவை வெயிலில் காயவைத்து உள்ளே நாலு கற்பூரத்தைப் போட்டு வையுங்கள்.

நாற்பது பேர் முன்னால் சொன்னேன் என்கிறீர்கள். நடந்ததை நான் வரிசையாகச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்.

போன வருஷம் வரையாடு கணக்கெடுப்பு. வழுக்கல்மொட்டை பிளாக்கில் முதல் ஆள் நீங்கள், உங்களுக்கு அரை மணி நேரம் பின்னால் வரும் இரண்டாவது ஆள், தன்னார்வலராக வந்த நான். ஒரே பாதை, ஒரே பாறை, ஒரே ஆடுகள். முதல் ஆள் பார்த்தது இரண்டாவது ஆளுக்குத் தெரியக் கூடாது. தாளைக் கொடுக்கும்வரை இருவரும் பேசவே கூடாது. அதுதான் முறை. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தான். நான் பாறைக்கு வந்து உட்கார்ந்தால், புதருக்கு அடியில் வரிசையாகப் பதினொரு கல். எட்டு பெரிய கல், மூன்று சின்னக் கல். சின்னது குட்டிகளுக்கு. என் புருஷன் எனக்குப் பிட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நான் மில் லேபில் எட்டு வருஷமாக நூல் சோதிக்கிறேன். நூல் சுற்றிய ஒரே கோனை நானும் கூட வேலை பார்க்கும் ஹெப்சிபாவும் தனித்தனியாகச் சோதிப்போம். என் தாளை அவள் பார்க்க மாட்டாள், அவள் தாளை நான் பார்க்க மாட்டேன். அது என் பிழைப்பு. சாயங்காலம் எல்லோர் முன்னாலும் ரேஞ்சர் என் தாளைப் பார்த்து, எட்டை அடித்து ஏன் பதினொன்று போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். கல்லைப் பார்த்துத்தான் என்று உள்ளதைச் சொன்னேன். வேறு என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள்? பொய்யா?

தாள் ரத்தாகி, உங்களுக்கு மெமோ வந்து, மலைமேல் முகாமுக்குப் போடுவதாக ஆனது. அது எனக்கும் வருத்தம்தான். ஆனால் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது அதற்காக இல்லை. அன்று வீட்டில் வைத்து நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "ஆமா, ஒன் கண்ணு மேல நம்பிக்கை இல்லாமத்தான் வச்சேன்." அதை மறக்க எனக்கு இன்னும் முடியவில்லை.

இந்து


நாவலூத்து முகாம்
மார்ச் 2

இந்து,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். திருத்த ஒன்றுமில்லை. ஷூவைப் பற்றிப் பிச்சையம்மாள் அக்காவிடம் சொல்லியனுப்பிவிட்டேன், மாற்றுச் சாவி அவர்களிடம் இருக்கிறது. கற்பூரமும் போடச் சொன்னேன்.

நான் பஸ் ஏறி வரவில்லை என்றாய். நவம்பரில் ஒருநாள் வந்தேன். உன் மில் ஷிப்ட் விடுகிற நேரம், எதிரே டீக்கடையில் நின்றேன். நீ ஹெப்சிபாவோடு எதையோ பேசிச் சிரித்துக்கொண்டே வந்தாய். இப்போது போய் முன்னால் நின்றால் அந்தச் சிரிப்பு போய்விடுமே என்று அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நம்பிக்கை இல்லாமல்தான் வைத்தேன் என்று சொன்னது பொய். கோபத்தில் வந்த பொய். உண்மை இதுதான். கணக்கெடுப்புக்கு முந்தைய நாள் செக்போஸ்டில் சாப்பிடும்போது எங்கள் ஆட்களில் இரண்டு பேர் கேலி செய்தார்கள். "சோல, ஒம் பொண்டாட்டிக்கு ஆடு எது, பாற எதுன்னு தெரியுமாப்பா? நாளைக்கு பாறையையும் சேத்து எண்ணிட்டு வந்துரப் போறாவ" என்றார்கள். நானும் சிரித்து வைத்தேன். மனசுக்குள் மட்டும் வெந்துபோனேன். மறுநாள் என் தாளில் பதினொன்றும் உன் தாளில் வேறொன்றும் இருந்தால் உன்னைத்தான் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் நல்லது, வேறாக இருந்தால் யாரோ ஒருவர் தப்பு. என் மண்டையில் அப்போது ஓடியது அவ்வளவுதான்.

போன மாதம் பயிற்சிக்கு வந்த அதிகாரி ஒருவர் அதைப் புரியும்படி சொன்னார். இருவரும் பார்த்தது எத்தனை, ஒருவர் மட்டும் பார்த்தது எத்தனை என்று தெரிந்தால்தான் இருவரும் பார்க்காமல் விட்டது எத்தனை என்று கணிக்க முடியுமாம். எண் வேறாக வருவது தப்பே இல்லையாம். பத்து வருஷம் காட்டில் இருந்தும் எனக்கு இது தெரியவில்லை. நீ நூல் மில்லில் உட்கார்ந்துகொண்டே தெரிந்து வைத்திருக்கிறாய்.

முகாமுக்குப் பின்னால் ஒரு மலை அணில் பதினைந்து நாளாகக் கூடு கட்டுகிறது. ஒன்றைக் கட்டி முடித்தது, இரண்டு நாள் இருந்தது, என்ன பிடிக்கவில்லையோ, பக்கத்து மரத்தில் இன்னொன்று கட்டுகிறது. வீட்டை வைத்துச் சாடை பேசுகிறேன் என்று நினைக்காதே. அணில் உண்மையாகவே அப்படித்தான் செய்கிறது.

சோலைராஜ்


ராஜபாளையம்
மார்ச் 11

அன்புள்ள சோலைராஜ் அவர்களுக்கு,

"அன்புள்ள" என்று போட்டதற்கு அதிகமாக அர்த்தம் எடுக்க வேண்டாம். கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று ஹெப்சிபா சொன்னாள்.

டீக்கடை விஷயத்தைப் படித்துவிட்டு லேபில் ஒரு கோனைக் கீழே போட்டுவிட்டேன். அன்றைக்கு எதற்குச் சிரித்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. வந்து நின்றிருக்கலாம். கொஞ்சம் திட்டியிருப்பேன், அவ்வளவுதான்.

உங்களிடம் சொல்லாத ஒன்று என்னிடமும் இருக்கிறது. அந்தக் கற்களைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. சந்தோஷம். எட்டுதான் பார்த்தோம், நல்லவேளை சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். திரும்பப் பைனாகுலரை எடுத்தேன், மூன்று குட்டியும் தெரிந்தன. உண்மையாகவே தெரிந்தனவா, கல் சொன்னதால் தெரிந்தனவா? அது இன்றுவரை எனக்குத் தெரியாது. எட்டை அடித்துப் பதினொன்று போட்டேன். இறங்கி வரும் வழியில்தான் உறைத்தது. சின்ன வயதிலிருந்து எங்கள் மொட்டைமாடியில் நின்று பார்த்த மலை. முதல் தடவையாக அதன் உச்சியில் போய் உட்கார்ந்தேன், நான் என் கண்ணால் எத்தனை பார்த்தேன் என்பது எனக்கே இல்லாமல் போய்விட்டது. அந்த ஆத்திரத்தைத்தான் உங்கள் மேல் காட்டினேன். என்மேலும்தான் ஆத்திரம், ஆனால் அதை யாரிடம் போய்க் காட்டுவது?

இங்கே அம்மா விடுவதாக இல்லை. "ஏட்டி, வீட்ட வச்சிக்கிட்டு எம்புட்டு நாளைக்கு ரெண்டு பேரும் ரெண்டு மூலையில இருப்பிய? ஒண்ணு அங்க போய் இரு, இல்லன்னா சாமானக் கொண்டாந்து எறக்கு" என்று தினமும் காலையில் காபியோடு சேர்த்துக் கொடுக்கிறாள். ஏப்ரல் முப்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது. அப்பாவிடம் வண்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறாள்.

இந்த வருஷக் கணக்கெடுப்புக்கு நான் தன்னார்வலராக விண்ணப்பித்திருந்தேன். நேற்றுத் தேர்வானதாகத் தகவல் வந்தது. உங்களிடம் கேட்காமல் போட்டேன், உங்களுக்காகவும் போடவில்லை. என் எண் எனக்கு வேண்டும். புது ரேஞ்சரிடம் எனக்காக ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள்.

இந்து


நாவலூத்து முகாம்
ஏப்ரல் 3

இந்து,

நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் ரேஞ்சர் ஐயா சீட்டுக் குலுக்கிப் போட்டதில் வழுக்கல்மொட்டை பிளாக்குக்கு முதல் ஆள் நான், இரண்டாவது ஆள் நீ என்று வந்திருக்கிறது. ஆண்டிச்சாமி குலதெய்வம் செய்த வேலை என்கிறான். பெயர் வந்ததுமே எழுந்து நின்று, "ஐயா, போன வருஷம் இந்தப் பிளாக்கில்தான் நான் தப்பு செய்தேன், என்னை மாற்றிவிடுங்கள்" என்றேன். அவர் பழைய கோப்பை எல்லாம் படித்திருக்கிறார். "தப்பு பண்ண எடத்துலதான்யா சரியாப் பண்ணிக் காட்டணும். அந்த அம்மாவுக்குச் சம்மதம்னா எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார். ஆகவே உன்னைக் கேட்கிறேன். வேண்டாம் என்றால் விலகிக்கொள்கிறேன், வருத்தப்பட மாட்டேன்.

வருவதானால் சில விஷயம். ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் போடு. கோடை மழை பெய்தால் அட்டை ஏறும், உப்புத் துணி ஒன்று வைத்துக்கொள். இரண்டாவது ஓடைக்கு மேல் தண்ணீர் கிடையாது, பாட்டிலை அங்கேயே நிரப்பிக்கொள். யானைச் சாணம் சூடாக இருந்தால் நின்றுவிடு, உன்னோடு வரும் காவலர் சொன்ன பிறகு நட. உச்சியில் காற்று வலது கைப்பக்கமிருந்து அடிக்கும். அதனால் ஆடுகள் பெரும்பாலும்

இதற்கு மேல் எழுதியதை அடித்துவிட்டேன். அட்டைக்கு உப்பு சொல்வது சரி. ஆடு எங்கே நிற்கும் என்று சொன்னால் அதுவும் கல் வைப்பதுதானே. எங்கே நிறுத்துவது என்று எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

பிச்சையம்மாள் அக்காவிடம் முப்பதாம் தேதி நேரில் வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். நீ எதுவும் சொல்லவில்லையென்றால் அன்றே சாவியைக் கொடுத்துவிடுவேன். உன்னை அவசரப்படுத்த இதை எழுதவில்லை. அவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சோலைராஜ்


ராஜபாளையம்
ஏப்ரல் 12

விலக வேண்டாம்.

உப்புத் துணி, இரண்டு சாக்ஸ், தண்ணீர், யானைச் சாணம் எல்லாம் ஏற்றுக்கொண்டேன். ஷூவையும் பிச்சையம்மாள் அக்காவிடம் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டேன். அடித்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்க்கவில்லை. ஹெப்சிபா பார்க்கச் சொன்னாள்.

அந்தப் பாறையில் எதுவும் இருக்கக் கூடாது. கல் வேண்டாம், பூ வேண்டாம், ஒடித்த குச்சியும் வேண்டாம். நான் வரும்போது அது வெறும் பாறையாக இருக்க வேண்டும். வீட்டைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.

இந்து


கான்சாபுரம் பக்கத் தீத்தடுப்பு முகாம்
ஏப்ரல் 28

இந்து,

பேச முடியவில்லை. என் தாளைக் கொடுத்துவிட்டு, நீ இறங்கி வருவதற்காகத்தான் அடிவாரத்து நாவல் மரத்தடியில் காத்திருந்தேன். அதற்குள் கான்சாபுரத்துக்கு மேல் புகை தெரிகிறது என்று வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுவிட்டார்கள். ஜீப் திரும்பும்போது வளைவில் உன் நீலத் தொப்பி மட்டும் தெரிந்தது. நீ நொண்டாமல் நடந்துவந்ததைப் பார்த்தேன். ஷூ கடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

இங்கே மூன்று நாளாகத் தீயோடுதான் இருக்கிறோம். இன்று காலையில்தான் அடங்கியது. என் மீசை ஒரு பக்கம் கருகிவிட்டது. ஆண்டிச்சாமி மறு பக்கத்தையும் சரிசெய்து எடுத்துவிட்டான். வேறொன்றும் ஆகவில்லை, பயப்படாதே. எரிந்த புல்லில் மறு வாரமே பச்சை விடும், மேய்ச்சலுக்கு மாடுகளும் மான்களும் வந்துவிடும்.

என் தாளில் நான் எழுதியது பதினான்கு. உன் தாளைப் பற்றி ஆண்டிச்சாமி எங்கேயோ கேட்டுவிட்டுச் சொல்ல வந்தான். வேண்டாம் என்று வாயைப் பொத்தினேன். நீயே சொல்ல வேண்டும்.

உன்னிடம் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். பாறையை விட்டுக் கிளம்பும்போது கை சும்மா இருக்கவில்லை. கல் எடுக்கவில்லை, ஆனால் உனக்கு உட்கார வசதியாக இருக்கட்டுமே என்று முள்ளை மட்டும் ஒதுக்கப் போனேன். பிறகு நீ சொன்னது நினைவுக்கு வந்து அப்படியே விட்டுவிட்டேன். முள் குத்தியிருந்தால் மன்னித்துக்கொள்.

தீ முழுவதும் அணைந்ததென்று உறுதியாகும்வரை ஐந்தாறு நாள் இங்கிருந்து அசையக் கூடாது என்று உத்தரவு. முப்பதாம் தேதி என்னால் வர முடியாது. சாவி செக்போஸ்ட் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நீ எடுத்துக்கொண்டுபோய்ப் பிச்சையம்மாள் அக்காவிடம் கொடுத்தாலும் சரி, வேறு என்ன செய்தாலும் சரி. எனக்கு என்ன வேண்டும் என்று முதல் கடிதத்தில் தப்பாக எழுதிவிட்டேன். எனக்கு அந்த வீடு வேண்டும். நீ அதில் இருக்க வேண்டும். இதைக் கல்லாக வைக்காமல் நேராகவே எழுதிவிட்டேன்.

சோலைராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
மே 1

அன்புள்ள உங்களுக்கு,

இந்தத் தடவை ஹெப்சிபா சொல்லவில்லை.

முள் குத்தியது. இடது தொடையில். அதை நினைத்து இரண்டு நாள் சிரித்தேன்.

நான் செய்ததையும் கேளுங்கள். பாறைக்கு வந்ததும் ஆட்டைப் பார்க்கவில்லை. குனிந்து புதருக்கு அடியில் கல் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். பாறையைச் சுற்றி வந்தேன். என்னோடு வந்த காவலர், "என்னம்மா, எதையும் தொலச்சிட்டியளா?" என்று கேட்டார். ஒரு கல் இல்லை, ஒரு குச்சி இல்லை. உங்கள் கால்தடம்கூட இல்லை. அப்போதுதான் எனக்கு வெட்கமாகப் போனது. நம்பிக்கை இல்லை என்று உங்களைச் சொன்னேனே, அன்று நம்பாதது நான்தான்.

பிறகு உட்கார்ந்தேன். எதிர் மலை முழுக்க மஞ்சு மூடியிருந்தது. அரை மணி நேரம் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை, எலுமிச்சம்புல் வாசம் மட்டும். யாரோ விசில் அடித்தது போல ஒரு சத்தம் கேட்டது, மஞ்சு மெல்ல மேலே ஏறியது. முதுகு வெளுத்த பெரிய கிடா ஒன்று விளிம்பில் நின்று என்னைப் பார்த்தது. அதற்குக் கீழே ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. எண்ணினேன். மறுபடி எண்ணினேன். கீழ்த்திட்டில், பாறை நிழலில், ஒரு பெட்டையோடு ஒட்டிக்கொண்டு இரண்டு குட்டிகள். அந்த மூன்றும் நான் கிளம்பலாம் என்று எழுந்த பிறகு வெளியே வந்தவை.

பதினாறு. அடித்தல் திருத்தல் இல்லாத பதினாறு. என் எண்.

சாயங்காலம் ரேஞ்சர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நீங்கள் குறித்திருந்த ஒரு வயசான கிடா என் தாளில் இல்லை. என் கீழ்த்திட்டுக் குடும்பம் உங்கள் தாளில் இல்லை. "நல்லா இருக்கும்மா, ரெண்டு பேரும் சேந்து பாத்தாத்தான் மலை முழுசாத் தெரியுது" என்றார். கேலி செய்த இரண்டு பேரில் ஒருவர் எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். யாரென்று தெரிந்துதான் வாங்கிக் குடித்தேன்.

நேற்றுச் செக்போஸ்டில் சாவியை எடுத்துக்கொண்டு நேராகப் பிச்சையம்மாள் அக்கா முன்னால் போய் நின்றேன். கை நீட்டினார்கள். நான் கொடுக்கவில்லை. "ஒரு வெளக்கமாறு மட்டும் குடுங்கக்கா" என்றேன். அவர்கள் உள்ளே போய் வெளக்கமாறோடு ஒரு செம்பு மோரும் கொண்டுவந்தார்கள். கரையான் கதவு நிலையில் மட்டும்தான் ஏறியிருக்கிறது, மண்ணெண்ணெய் தடவிவிட்டேன். அப்பா சொல்லி வைத்த வண்டி இன்று காலையில் வந்தது, ஆனால் என் பெட்டியை இங்கே கொண்டுவந்து இறக்குவதற்கு. இங்கிருந்தே மில்லுக்குப் பஸ்ஸில் போய்வரப் போகிறேன். அம்மாவும் கூடவே வந்து சமையலறையை ஒழுங்கு செய்துவிட்டுத்தான் போனாள்.

உங்கள் எண்ணை என் போனில் திறந்துவிட்டேன். ஆனாலும் இதைக் கடிதமாகவே அனுப்புகிறேன், காரணம் இருக்கிறது. நாம் பிரிந்திருந்த நாட்கள் எத்தனை என்று நான் எண்ணி ஒரு தாளில் எழுதி, மடித்து அலமாரியில் அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். டீக்கடையில் நீங்கள் நின்ற நாளைச் சேர்ப்பதா, ஒரே மலையில் அரை மணி நேர இடைவெளியில் நடந்த நாளைச் சேர்ப்பதா என்பதெல்லாம் உங்கள் இஷ்டம். நீங்களும் எண்ணி எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள். என்னிடம் கேட்கக் கூடாது. இரண்டு எண்ணும் ஒத்துப்போக வேண்டியதில்லை.

இந்து


கான்சாபுரம் பக்கத் தீத்தடுப்பு முகாம்
மே 4

இந்து,

தீ முழுவதும் அணைந்துவிட்டது. நாளைக் காலை ஜீப்பில் இறங்குகிறேன், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பேன். இந்தக் கடிதம் எனக்குப் பிறகுதான் வந்து சேரும், இருந்தாலும் எழுதுகிறேன்.

எண்ணி எழுதிவிட்டேன். ஆண்டிச்சாமி எத்தனை அண்ணே என்று இரண்டு முறை கேட்டான். சொல்லவில்லை.

சோலைராஜ்